கொட்டும் வெடியும்

ஐப்பசி மழை எங்கள் பக்கத்தில் இரண்டு பொருளுக்கு ஆகாது. ஒன்று வெடி, இன்னொன்று கொட்டு. மருந்து செலுத்திய குழாயும் உருட்டிப்போட்ட மணிமருந்தும் வெயிலில் காய்ந்தாக வேண்டும். வானம் மூடிக்கொண்டால் வேலை நிற்கும். வேலை நின்றால் சனிக்கிழமைச் சம்பளம் நிற்கும். கொட்டும் அப்படியே. வேப்பஞ்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவி இழுத்து ஒட்டிய கன்றுத்தோல் ஈரக்காற்றில் தொய்ந்துபோய்ப் 'பொத்'தென்று விழும். வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டிக் காட்டி எடுத்தால்தான் நாதம் எழும்பும். வெடிக்குத் தீ ஆகாது, கொட்டுக்குத் தீ இல்லாமல் ஆகாது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துச் சேரிகளில் இந்த இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்து வருகிறேன். பொம்பளைகள் விடியுமுன்னே பட்டாசு ஆலை வண்டிக்குப் போய் நிற்பார்கள். ஆம்பளை ஊர்ப் பொங்கலுக்கோ எழவுக்கோ கொட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவான். ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்ப் பருவம் என்று எம்.ஏ. வகுப்பில் படித்தேன். வாடைக்காற்றில் தலைவி தலைவனை நினைத்து வாடுவாள். எங்கள் தெருவில் அது போனஸ் பருவம். புரட்டாசிப் பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி என்று அடுத்தடுத்து வருகிற கொண்டாட்டம் அத்தனைக்கும் சத்தம் வேண்டும். அந்தச் சத்தத்தைச் செய்து கொடுக்கிற கைகளில் பாதிக்கு மேல் நம் சனத்தின் கைகள். கொண்டாட்டம் அவர்களுடையது, சத்தம் நம்முடையது. இப்படி அடுத்தவர் மகிழ்ச்சிக்குச் சத்தம் செய்து கொடுப்பதில் இழிவு இருக்கிறதா, இருந்தால் எந்த இடத்தில் இருக்கிறது என்று யோசித்ததை எழுதுகிறேன். தோலிலா, குச்சியிலா, அடிக்கிற கையிலா, கூப்பிடுகிற வாயிலா?

பறை இழிவா கலையா என்ற விவாதம் நமக்குள் முப்பது வருசத்துக்கும் மேலாக நடக்கிறது. தூக்கி எறி என்றது ஒரு தரப்பு. 1927இல் மகாடில் அம்பேத்கர் செத்த மாட்டைத் தின்னாதே என்றும் ஊர்ச்சேவகத்தை விடு என்றும் சொன்னதையும், மகர்களைக் கட்டிப்போட்டிருந்த வதன் முறையை மாற்றச் சொல்லி 1928இல் பம்பாய் சட்டசபையில் மசோதா கொண்டுவந்ததையும் அவர்கள் காட்டினார்கள். அடிக்கிற இடத்தை மாற்று, பறையை விடாதே என்றது இன்னொரு தரப்பு. 1990களில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரி வளாகத்தில் நடந்த தலித் கலைவிழாக்கள், கே.ஏ.குணசேகரனின் மேடைகள், பெண்களின் கையில் பறையைக் கொடுத்த திண்டுக்கல் சக்தி கலைக்குழு எல்லாம் அந்தப் பக்கம். இன்றைக்கு இரண்டாம் தரப்பு ஜெயித்தது போலத்தான் தெரிகிறது. பறையிசைக்காக அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். எனக்கும் சந்தோசம்தான். ஆனால் இரண்டு தரப்புமே பறையைப் பற்றித்தான் அதிகம் பேசின. அடிக்கிறவன் ஒருநாள் 'வரமாட்டேன்' என்று சொன்னால் மறுநாள் அவனுக்கு என்ன நடக்கும் என்பதைக் குறைவாகவே பேசின.

எங்கள் தெருவில் அதைச் சொல்லிப் பார்த்தவர்கள் என் அப்பாவும் அவர் கூட்டாளிகளும். 1995 ஆகஸ்டு கடைசியில் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடு வீடாக நொறுக்கிய பிறகு தென்மாவட்டம் முழுக்க ஒரு கொதிப்பு இருந்தது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஆரம்பித்த போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்ததற்கே கலவரம் மூண்டது. கடைசியில் அரசாங்கம் எல்லாக் கழகத்திலிருந்தும் எல்லா மாவட்டத்திலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது அப்படித்தான். ஒரு பஸ்ஸின் நெற்றியில் ஒரு பேர் இருப்பதைத் தாங்கமுடியாத காலம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு புரட்டாசிப் பொங்கலுக்கு, இனி ஊர்க் கோயிலுக்கும் ஊர்ச் சாவுக்கும் கொட்டடிக்க வருவதில்லை என்று எங்கள் பறையர் தெருவில் சத்தியம் செய்தார்கள். கொட்டுகளை எரித்தார்கள் என்பார் ஒருவர், கண்மாயில் வீசினார்கள் என்பார் இன்னொருவர். என் பெரியப்பா மட்டும் ஒன்றைப் பரணில் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். அது அவர் செத்த பிறகுதான் தெரிந்தது.

ஆறு மாசம் காட்டு வேலை இல்லை. பலசரக்குக் கடையில் கடன் இல்லை. கண்மாய்க்கரை வழியே ஆடு போகக்கூடாது என்றார்கள். அந்த ஆறு மாசத்தை எப்படித் தாண்டினீர்கள் என்று அப்பாவிடம் கேட்டால் 'ஒத்துமையா இருந்தோம்' என்பார். அது பாதிதான் நிஜம். மீதியை என் அத்தை சொன்னாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயசு. ராத்திரி நாலு மணிக்கு வந்து ஆரன் அடிக்கிற ஆலை பஸ்ஸில் ஏறிக் குழாய் உருட்டப் போனவள். அந்தப் பணத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

"அண்ணன்மாரு கொட்டை விட்டாக. நான் குழாய் உருட்டுனேன். அவுகளுக்கு ரோசம், எனக்கு வெரலு தேஞ்சது."

1996 டிசம்பரில் சிவகாசி சிறார் உழைப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அபாயத் தொழிலில் பிள்ளைகளை வைத்தால் ஒரு பிள்ளைக்கு 20 ஆயிரம் ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றது. அத்தை அந்தத் தீர்ப்பைக் கேள்விப்பட்டதே இல்லை. அதிகாரி வந்தால் பின்பக்கம் ஓடச் சொல்வார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த சட்டம். எங்கள் தெருவின் சுயமரியாதை வரலாற்றைப் பேசும்போது இந்தப் பதினொரு வயசுப் பெண்ணை நாங்கள் சேர்ப்பதில்லை. ஊரைப் பார்த்து 'வரமாட்டேன்' என்று ஆண்கள் சொல்ல முடிந்தது, ஆலையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாத ஒருத்தி வீட்டில் இருந்ததால்தான்.

கொட்டைப் பற்றிப் பேசும்போது மறந்துபோகிற இன்னொரு விசயம் இருக்கிறது. 1930 டிசம்பரிலும் 1931 ஜூனிலும் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் சாதி இந்துக்கள் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த தடைகளை 1931ஆம் வருசத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் ஹட்டன் எழுதி வைத்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி கட்டாதே, குடை பிடிக்காதே, மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்காதே என்று போகிறது அந்தப் பட்டியல். இரண்டாவது பட்டியலில் ஒரு தடை, கல்யாணத்திலும் மற்ற விசேசத்திலும் மேளம் வைக்கக்கூடாது என்பது. 1985 வரைக்கும் சிவகாசியும் விருதுநகரும் அந்த மாவட்டத்துக்குள் இருந்த ஊர்கள். அமெரிக்காவில் 1739இல் தென் கரோலினா அடிமைகள் கொட்டு முழக்கிக்கொண்டு கலகத்துக்குக் கிளம்பியதும், அடுத்த வருசமே வெள்ளைக்காரன் அடிமை கையில் கொட்டு இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டான். அவன் தடை மட்டும் போட்டான். நம்மூரில் தடையும் உண்டு, கட்டாயமும் உண்டு. என் வீட்டு வாசலில் வந்து அடி, உன் வீட்டு வாசலில் அடிக்காதே. அதே கொட்டு, அதே கை, அதே அடி. ஆகவே இழிவு தோலில் இல்லை. மாட்டுத்தோல் தீட்டு என்று சொல்பவன் அதைத் தன் சாமி முன்னால் அடிக்கச் சொல்லுவானா? எங்கே அடிப்பது, எப்போது நிறுத்துவது என்பதை அடிக்கிறவன் முடிவு செய்ய முடியவில்லையே, இழிவு அங்கேதான் இருக்கிறது.

இதுவரை எழுதியது எனக்குச் சௌகரியமான பகுதி. இனி எழுதப்போவது அப்படி இல்லை.

2019 தீபாவளிக்கு நாலு நாள் முந்தி என் அப்பத்தா செத்துப்போனாள். எண்பது தாண்டியவள், கல்யாணச் சாவு. தேர் கட்டிக் கொட்டடித்து அனுப்பணும் என்றார்கள். எங்கள் தெருவில் கொட்டு கிடையாது, விட்டு இருபது வருசத்துக்கு மேல் ஆயிற்று. கீழத்தெருவிலிருந்து அருந்ததியர் செட்டு ஒன்றை வரச்சொன்னார்கள். அஞ்சு பேர் வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. பந்தலுக்குள் நாற்காலி கிடந்தது. அவர்கள் பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று வைக்கோலைக் கொளுத்தினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் தம்ளரில் காப்பி, அவர்களுக்குப் பேப்பர் கப்பில். பாடையைத் தூக்குகிற நேரம் என் சித்தப்பா மகன், இருபது வயசுப் பயல், அறுபது வயசு ஆளைப் பார்த்துச் சத்தம் போட்டான்: "ஏ கொட்டு, முன்னால போ."

ஏ கொட்டு. ஆளுக்குப் பேர் இல்லை. அப்பா பக்கத்தில்தான் நின்றார். சத்தியம் செய்த அப்பா. நானும் நின்றேன். தலித் ஒற்றுமை பற்றி நாலு கட்டுரை எழுதியிருந்தவன் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. எழவு வீட்டில் தகராறு வேண்டாமே என்று மனசு ஒரு காரணம் கண்டுபிடித்தது. ஊர்க்காரன் எங்களுக்குச் சொன்ன காரணங்களில் ஒன்றும் அதேதான்: விசேச வீட்டில் தகராறு வேண்டாமே, வந்து அடிச்சிட்டுப் போங்கப்பா.

சாதி என்பது மேலிருந்து கீழே ஒரே வெட்டாக வெட்டியது அல்ல, படிப்படியாக அடுக்கியது என்றும், ஒவ்வொருவனுக்கும் காலடியில் வைக்க ஒருவனைக் கொடுத்திருப்பதே அதன் பலம் என்றும் அம்பேத்கர் சொன்னதை மேடையில் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். எங்கள் பக்கத்து வரலாற்றிலேயே அதற்குச் சாட்சி உண்டு. கோயிலுக்குள் நுழையக்கூடாது என்று தடுக்கப்பட்ட நாடார்களின் வீடுகளை 1899இல் சிவகாசியில் சூறையாடினார்கள். பட்ட அவமானம், படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கும் என்று நாம் நம்புகிறோம். அது தானாகக் கற்றுக்கொடுப்பதில்லை. அவர்களுக்கும் கற்றுக்கொடுக்கவில்லை என்று குற்றம் சொல்வது எளிது. எங்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதை அந்தப் பேப்பர் கப் எனக்குக் காட்டியது. நாங்கள் இழிவை ஒழித்தோம் என்று சொன்னது தப்பு. அடுத்த தெருவுக்கு இறக்கி வைத்திருக்கிறோம்.

காரியம் முடிந்த பிறகு அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். முதல் நாள் என்னை 'சாமி' என்றார். வேண்டாம் அண்ணே என்றேன். இரண்டாம் தடவை போனபோதுதான் 'தம்பி' வந்தது. அவர் வீட்டிலும் பெண்கள் ஆலைக்குத்தான் போகிறார்கள். மனைவி சரம் பின்னுவாள். 2018 அக்டோபரில் சரவெடிக்கும் பேரியம் கலந்த வெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை போட்ட பிறகு அந்த வேலை பாதியாகி, ஆலைகளை மூடிவைத்த மாசங்களில் கொட்டுத்தான் சோறு போட்டது என்றார். எங்கள் வீட்டில் நடந்தது அவர் வீட்டில் தலைகீழாக நடந்திருக்கிறது.

நீங்களும் விட்டுவிடலாமே அண்ணே என்று கேட்டேன். கேட்கும்போதே அது எவ்வளவு லேசான கேள்வி என்று தெரிந்தது.

"விடலாம் தம்பி. நீங்க விட்டீங்க, நல்லதுதான். நீங்க விட்ட அன்னைக்கு ஊர்க்காரவுக நேரா எங்க தெருவுக்குத்தான் வந்தாக. நாங்க விட்டா யாரு தெருவுக்கு வருவாகன்னு சொல்லுங்க. எங்களுக்குக் கீழ தெரு இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "எனக்குக் கொட்டு பிடிக்கும். சாமிச்சாட்டு அடிச்சா எனக்கே அருள் வரும். மருளடி, ஒத்தையடி எல்லாம் எங்கய்யா சொல்லிக்குடுத்தது. அடிக்கிறது கஷ்டமில்ல. கூப்பிடுறானே, அந்தக் கூப்பாடுதான்."

இந்த மனுசனிடம் 'பறை உன் அடிமைச்சின்னம்' என்று நான் எப்படிச் சொல்வது? 'பறை உன் பெருமை' என்று சொன்னாலும் அதே தப்புத்தான். இரண்டையும் அவருக்காக நான் முடிவு செய்கிறேன்.

என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். பயிற்சிப் பட்டறை ஒன்றில் பத்து நாளில் பறை கற்றுக்கொண்டான். கருப்பு பனியன், நெற்றியில் துணி, ஜவ்வுத்தாளில் செய்த கொட்டு. அதற்கு மழையும் கிடையாது, வைக்கோலும் வேண்டாம். தொல்காப்பியத்தில் கருப்பொருள் வரிசையில் பறை வருகிறது, குறிஞ்சிக்குத் தொண்டகம், நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று எனக்கே பாடம் எடுத்தான். பறைதல் என்றால் பேசுதல் மாமா என்றான். சரிதான். ஆனால் சங்ககாலத்தில் கௌரவமாக இருந்தோம் என்பதால்தான் இன்றைக்கு கௌரவம் வேண்டும் என்று கேட்பது எனக்கு ஒட்டவில்லை. சங்க இலக்கியத்தில் பறை என்ற சொல்லே இல்லாமல் போயிருந்தாலும் 'ஏ கொட்டு' என்று கூப்பிடுவது தப்புத்தான்.

பெரியவரின் பேரனுக்கும் இவன் வயசுதான். அவன் கொட்டைத் தொடமாட்டான். திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். கூட வேலை பார்க்கிறவர்களிடம் தாத்தா விவசாயம் பார்க்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறானாம். விட்ட தெருவுப் பையன் பெருமையோடு அடிக்கிறான், விடாத தெருவுப் பையன் வெட்கப்பட்டு ஓடுகிறான். இரண்டும் சரிதான் என்பேன், இரண்டு பேரும் தாங்களே எடுத்த முடிவு என்பதால். ஆனால் கொடுத்த விலை ஒன்று இல்லை. என் மருமகன் நாளைக்கு பறையைப் போட்டுவிட்டுக் கிதார் எடுத்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

மேடைக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் எனக்கு முழுசாக நம்பிக்கை தருவதில்லை. பல விழாக்களில் பறைக்குழுவுக்கு என்ன இடம் கொடுக்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். விருந்தினர் காரிலிருந்து இறங்கும்போது வாசலில் நின்று அடிக்க வேண்டும். அவர் மேடை ஏறியதும் நிறுத்த வேண்டும். நாதஸ்வரத்துக்கு ஜமுக்காளம் விரிப்பார்கள், பறைக்குத் தார்ரோடு. முந்தி பண்ணையார் வந்தபோது அடித்தது, இப்போது சிறப்பு விருந்தினர் வரும்போது அடிக்கிறது. ஒரே ஒரு வித்தியாசத்தை மறுக்கமாட்டேன்: இங்கே வராவிட்டால் கண்மாய்க்கரை வழியை அடைக்கமாட்டார்கள். அது சின்ன வித்தியாசம் இல்லை. அதற்காகத்தான் அப்பா ஆறு மாசம் பட்டினி கிடந்தார்.

அப்படியானால் ஆலையில் என்ன கணக்கு? அங்கே யாரும் 'ஏ கொட்டு' என்று கூப்பிடுவதில்லை. வேண்டாமென்றால் போகாமல் இருக்கலாம், தடுக்க ஆளில்லை. ஆனால் முன்பணம் வாங்கியிருக்கிறோம், தீபாவளி நெருங்குகிறது, நிர்ணயித்ததற்கு மேல் ஆளும் மருந்தும் ஒரு அறைக்குள் இருக்கிறது என்று தெரிந்தும் உட்கார்கிறோம். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் 35 பேருக்கு மேல் செத்தார்கள். 2023 அக்டோபர் 17இல் சிவகாசி பக்கம் ஒரே நாளில் இரண்டு இடத்தில் வெடித்து 10 பேருக்கு மேல் போனார்கள். இரண்டும் தீபாவளிக்கு முந்தின வேகத்தில் நடந்தவை. ஒவ்வொரு முறையும் 'உராய்வு' என்று எழுதுவார்கள். எதற்கும் எதற்கும் உராய்வு என்று எழுதுவதில்லை. சாதி கட்டாயப்படுத்துவதும் பசி கட்டாயப்படுத்துவதும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதலாவதிலிருந்து தப்பிக்க இரண்டாவதைப் பிடித்தவர்கள் நாம் என்பதை அத்தையின் விரல்கள் எனக்கு மறக்கவிடுவதில்லை.

அந்தப் பெரியவர் ஆலை வெடித்துச் செத்தவர்களுக்கு அடித்தால் கூலி வாங்குவதில்லை. எந்தச் சாதியானாலும். "அதுக்கு மட்டும் யாரும் என்னையக் கூப்பிட வேண்டாம். நானே போயிருவேன். பெட்டியத் தெறக்க விடமாட்டாக தம்பி. மொகத்தப் பாக்காம மாரடிப்பு அடிக்கிறது கஷ்டம்."

போன வருசம் எங்கள் தெருக் காளியம்மனுக்குப் புரட்டாசிப் பொங்கல் வைக்கக் கூட்டம் போட்டோம். மேளத்துக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தது. கீழத்தெருச் செட்டை அழைப்போம், பந்தலுக்குள் நாற்காலி போடுவோம், பேர் சொல்லி அண்ணே என்று கூப்பிடுவோம், நம் பையன்களும் கூடச் சேர்ந்து அடிக்கட்டும் என்று நான் சொன்னேன். என் மருமகன் ஆமாம் என்றான். அப்பா எழுந்தார். "நம்ம பிள்ளைக கையில கொட்டப் பாத்தா ஊர்க்காரன் மறுபடி வாசல்ல வந்து நிப்பான். நாங்க பட்டது போதும்." அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்காலி விசயத்தில் வேறு ஆட்கள் வேறு காரணம் சொன்னார்கள், அது எழுதுகிற மாதிரி இல்லை. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் பேசி, கடைசியில் யாருக்கும் சங்கடம் இல்லாமல் கேரளத்துச் செண்டைமேளம் பேசி முடித்தார்கள்.

வந்தார்கள், பன்னிரண்டு பேர், வெள்ளை வேட்டி. சாதி என்னவென்று ஒருத்தரும் கேட்கவில்லை. பந்தலுக்குள் நாற்காலி, சில்வர் தம்ளரில் டீ. மத்தியானம் மேகம் திரண்டபோது நான் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பெரியவர் எதிரே வந்தார். எனக்கு முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் வானத்தைப் பார்த்தார்.

"மழ வரும் போல தம்பி. அந்த மலையாளத்து ஆளுககிட்டச் சொல்லி நனையாம உள்ள வைக்கச் சொல்லுங்க. அதுவும் மாட்டுத்தோலுதான்."